வினையும் அவலமும்: துன்பியல் நாடகம் பற்றி ஒரு வணிகனின் சிந்தனைகள்

"காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, மூணு மணி நேரம் உட்கார்ந்து அழுதுட்டு வரணுமா?" என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வீட்டில் இல்லாத துக்கமா, கடையில் இல்லாத கவலையா? ஆனாலும் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக, உலகின் பல மூலைகளிலும் மனிதர்கள் தேடிப் போய் அழுதிருக்கிறார்கள். அப்படிப் போனவர்கள் எல்லாரும் ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு அங்கே என்ன கிடைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடியேன் பட்டம் பெற்ற அறிஞன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடியில் பிறந்து, பிழைப்புக்காகப் புனேவுக்கு வந்து, பித்தளை, எவர்சில்வர் பாத்திர வியாபாரத்தில் வயதைக் கழித்தவன். கடை சாத்திய பிறகு படித்ததே என் படிப்பு. ஆகையால் இலக்கண நுட்பத்தைவிட, கொடுக்கல் வாங்கல் தெரிந்தவனின் கண்ணோடுதான் இதைச் சொல்ல முடியும். வாசகப் பெருமக்கள் பொறுத்தருள்க.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'டிராஜெடி' எனப்படுவதைத் தமிழில் துன்பியல் நாடகம், அவல நாடகம், சோக நாடகம் என்று பலவாறு சொல்கிறோம். நம் மராட்டிய அன்பர்கள் 'சோகாந்திகா' என்பார்கள். சோகத்தில் முடிவது என்று பொருள். கிரேக்கத்தில் 'டிராகோதியா' என்றால் ஆட்டுப் பாட்டு. தியோனிசஸ் என்னும் தெய்வத்தின் விழாவில் ஏதென்ஸ் நகர மக்கள் கூடி நாடகம் பார்த்தார்கள். கவிஞர்களுக்குள் போட்டி, பரிசும் உண்டு. ஈஸ்கிலஸ், சோபோக்ளீஸ், யூரிப்பிடீஸ் ஆகிய மூவர் எழுதியவற்றுள் முப்பதுக்கு மேற்பட்ட துன்பியல் நாடகங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. இவற்றுள் மிகப் பழையது ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' (கி.மு. 472). தங்களோடு போரிட்டுத் தோற்ற எதிரியின் அரண்மனையில் எழும் அழுகையை, வென்ற ஏதென்ஸ் மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். எதிரிக்கும் தாய் உண்டு என்பதை அறிய வைத்த கலை அது.

இந்த நாடகங்களை எடைபோட்டு இலக்கணம் சொன்னவர் அரிஸ்டாட்டில். அவருடைய 'கவிதையியல்' கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் கூற்றின் சாரம் இது. துன்பியல் நாடகத் தலைவன் முற்றிலும் நல்லவனாகவும் இருக்கக் கூடாது, முற்றிலும் கெட்டவனாகவும் இருக்கக் கூடாது. முழு நல்லவன் வீழ்ந்தால் நமக்கு வெறுப்பு வரும். முழுக் கெட்டவன் வீழ்ந்தால் திருப்தி வரும். இரண்டுமே இங்கு வேண்டியதில்லை. நம்மைப் போன்ற ஒருவன், ஒரு பிசகினால் வீழ வேண்டும். அந்தப் பிசகுக்கு அவர் சொல்லும் சொல் 'ஹமார்ட்டியா'. வில்லாளி குறி தவறுவதைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. கதையில் இரண்டு கட்டங்கள் முக்கியம் என்கிறார். ஒன்று, நிலைமை தலைகீழாகத் திரும்புவது. மற்றொன்று, தெரியாதிருந்த உண்மை தெரியவருவது. இதையெல்லாம் பார்க்கும்போது நமக்கு இரக்கமும் அச்சமும் எழுகின்றன. எழுந்து, அவ்வுணர்ச்சிகள் தெளிவடைகின்றன.

தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள். அழுகை பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: பிறர் இகழ்வதால் வரும் இளிவு, இழப்பு, நிலை கெடுதலாகிய அசைவு, வறுமை. மேலை நாட்டுத் துன்பியல் நாடகங்களை இந்த நான்கில் அடக்கிவிடலாம் என்பது என் துணிபு. குறிப்பாக முதலாவதாகச் சொன்ன இளிவு. மனிதனைச் சாவைவிட அதிகமாகச் சுடுவது அவமானம். இது கடை வைத்திருப்பவனுக்கு நன்றாகத் தெரியும்.

நம் நாட்டில் துன்பியல் உண்டா?

இந்தியாவில் துன்பியல் நாடகமே இல்லை என்பது மேலை நாட்டு அறிஞர் சிலர் கருத்து. ஏ.பி. கீத் 1924-இல் வெளியிட்ட வடமொழி நாடகம் பற்றிய பெருநூலில், வினைக் கோட்பாடே இதற்குத் தடை என்ற கருத்தைச் சொன்னார். வந்த துன்பம் முன்வினையின் கூலி என்று நம்புகிறவன் அதில் அவலத்தைக் காண மாட்டான் என்பது வாதம். ஜார்ஜ் ஸ்டைனர் 1961-இல் 'துன்பியலின் மரணம்' என்ற நூலில், துன்பியல் நாடகம் உலகப் பொதுவானதன்று, கிரேக்கத்தில் பிறந்து மேலை நாட்டுக்கே உரியது என்று எழுதினார்.

இவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பரதரின் நாட்டிய சாத்திரம் சாவையும் போரையும் மேடையில் நேரே காட்டாமல் பிறர் வாயால் சொல்லச் சொல்கிறது. பவபூதி 'உத்தரராமசரிதம்' எழுதும்போது, மூலக் கதையில் பூமிக்குள் போய்விடும் சீதையை இராமனோடு சேர்த்து வைத்தே நாடகத்தை முடித்தார். கருணைச் சுவையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் முடிவு மங்கலம்.

ஆனால் 1909-ஆம் ஆண்டையொட்டித் திருவனந்தபுரம் தி. கணபதி சாஸ்திரிகள் கண்டெடுத்து, 1912 முதல் அச்சிட்ட பதின்மூன்று நாடகங்கள் இந்தக் கணக்கை மாற்றின. பாசன் எழுதியவை எனப்படும் அவற்றுள் ஒன்று 'ஊருபங்கம்'. கதாயுதப் போரில் தொடை பிளக்கப்பட்டுத் துரியோதனன் கிடக்கிறான். அவனுடைய சின்னப் பையன் ஓடி வந்து, வழக்கம்போல் மடியில் உட்கார வருகிறான். அப்பனுக்கு மடி இல்லை. துரியோதனன் மேடையிலேயே உயிர் விடுகிறான். இதைத் துன்பியல் என்னாமல் வேறென்ன என்பது?

வடமொழி அறிஞர்கள் 20-ஆம் நூற்றாண்டில் ஏட்டுச் சுவடியில் கண்டதை எங்கள் தொண்டை மண்டலத்துக் குடியானவர்கள் வெட்டவெளியில் கண்டுவந்திருக்கிறார்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவெல்லாம் தெருக்கூத்து; கடைசியில் 'படுகளம்'. துரியோதனனை மண்ணால் மிகப் பெரிய உருவமாகப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேடமும் துரியோதனன் வேடமும் அதைச் சுற்றி ஓடிச் சண்டையிடும். தொடையில் அடி விழும். பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். கர்ண மோட்சக் கூத்து நடக்கும் இரவில், போருக்குப் புறப்படும் கர்ணனைப் பொன்னுருவி தடுக்கும் கட்டத்தில், அழாத கிழவிகளை நான் பார்த்ததில்லை. நாங்கள் சமணக் குடி. எங்கள் கோயில் வேறு. இருந்தாலும் கூத்து நடக்கும் இராத்திரியில் ஊரில் யார் வீட்டில் தூங்குவார்கள்! கெட்டவன் என்று ஊரே அறிந்த துரியோதனனுக்காக அதே ஊர் கண்ணீர் விடுவதை அங்கேதான் நான் முதலில் கண்டேன்.

ஒற்றைச் சிலம்பு

இனி நம் சிலப்பதிகாரத்துக்கு வருவோம். இயல், இசை, நாடகம் மூன்றும் கலந்த காப்பியம் என்று அதைப் போற்றுகிறோம். அரிஸ்டாட்டில் சொன்ன இரண்டு கட்டங்களும் அதில் ஒரே நொடியில் நிகழ்கின்றன. பாண்டியன் அவையில் கண்ணகி தன் சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்துப் பரல். இதிலிருந்து தெறித்தது மாணிக்கப் பரல். உண்மை தெரிந்த அக்கணமே மன்னன் நிலை தலைகீழாகிறது. அரியணையிலேயே வீழ்ந்து உயிர் விடுகிறான். தேவியும் உடன் வீழ்கிறாள். சோபோக்ளீஸின் ஈடிபஸ் மன்னன் ஊரைப் பிடித்த பாவியைத் தேடித் தேடிக் கடைசியில் அது தானே என்று அறிகிறானே, அதே அமைப்பு.

ஆனால் ஒரு வணிகனாக எனக்கு அதற்கு முந்தைய கட்டம்தான் அதிகம் உறுத்துகிறது. கோவலன் மாசாத்துவானின் மகன். பெரிய வணிகக் குடி. தொலைத்த பொருளை ஈட்ட, மனைவியின் காற்சிலம்பையே முதலாக வைத்து வியாபாரம் செய்யலாம் என்று மதுரைக்குப் போகிறான். நகருக்கு வெளியே முனிவர்கள் இருக்கும் இடத்தில் தங்கியிருந்தபோது, மாடலனும் கவுந்தியடிகளும் அவனுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். இந்தப் புறஞ்சேரி உனக்கு ஏற்றதன்று, நகருக்குள் போ, உன் பெயரைச் சொன்னால் அங்குள்ள வணிகர்கள் உன்னை ஏற்றுக்கொள்வார்கள் என்பது அதன் கருத்து. ஆனால் நடந்தது என்ன? தங்கியது இடைக்குல மூதாட்டி மாதரியின் அடைக்கலத்தில். மறுநாள் சிலம்பைக் காட்டியதோ, வழியில் எதிர்ப்பட்ட, முன்பின் தெரியாத அரண்மனைப் பொற்கொல்லனிடம்.

கடைவீதியில் இருப்பவனைக் கேளுங்கள். ஜோடியில் ஒன்றை மட்டும் கொண்டுவந்து விற்கிறவன், ஊருக்குப் புதியவன், உடை கசங்கியவன், இவனைத் தெரியும் என்று சொல்ல ஆளில்லை. பொருளோ அரசியின் காலுக்கு ஏற்ற விலையுள்ளது. இந்த நான்கும் சேர்ந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். பொற்கொல்லன் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டான். கோவலன் செய்தது குற்றமே இல்லை. குறி தவறுதல் மட்டுமே. புகாரில் மாசாத்துவான் மகனைத் திருடன் என்று யாராவது சொல்லியிருக்க முடியுமா? ஊர் மாறியதும் பேர் போயிற்று. புலம்பெயர்ந்து வாழும் நம்மைவிட இதை யார் உணர முடியும்?

வினை வந்தால் அவலம் போய்விடுமா?

இப்போது கீத் எழுப்பிய வாதத்தை நேரே எதிர்கொள்ள வேண்டும். சமணனாகிய எனக்கு இது வெறும் இலக்கிய விவாதம் அன்று. வினைக் கொள்கை அவலத்தைக் கரைத்துவிடும் என்றால், ஒன்று எங்கள் சமயம் கல்நெஞ்சு படைத்தது என்றாகும். அல்லது இளங்கோவடிகள் எழுதியது துன்பியல் அன்று என்றாகும்.

சிலம்பில் முன்வினைக் கதை இருப்பது உண்மை. முற்பிறவியில் கோவலன் கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்னும் அரச ஊழியன். அங்கு வாணிகம் செய்ய வந்த சங்கமன் என்பவனைப் பகைநாட்டு ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலைக்கு ஆளாக்கினான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையிலிருந்து விழுந்து மாண்டாள். அவள் இட்ட சாபம்தான் இது. கணக்கு நேராகிவிட்டது போலத்தான் தெரிகிறது.

ஆனால் இது எப்போது சொல்லப்படுகிறது என்று பாருங்கள். கோவலன் வெட்டுண்ட பிறகு, பாண்டியன் மாண்ட பிறகு, மதுரை எரிந்த பிறகு, மதுராபதித் தெய்வம் வந்து சொல்கிறது. அதுவரை அழுது தீர்த்த நமக்கு விளக்கம் கடைசியில்தான் கிடைக்கிறது. காரணம் தெரிந்ததால் பட்ட துன்பம் படாததாகிவிடுமா? கடன் எப்படி வந்தது என்று பேரேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் கடன் அடைந்துவிடுமா?

அடுத்து, பாண்டியனைப் பாருங்கள். வினை விளையும் காலமாதலால் அவன் ஆராயாமல் ஆணையிட்டான் என்று ஆசிரியரே சொல்கிறார். ஆனால் பாண்டியன் சொன்னானா? ஊழ் என் மதியை மயக்கிற்று என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழி முழுவதையும் தன் பேரில் எழுதிக்கொண்டு, நான் அரசன் அல்லன், நானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு மாண்டான். ஈடிபஸும் அப்படித்தான். அவன் பிறக்கும் முன்பே தெய்வ வாக்கு அவன் விதியைச் சொல்லிவிட்டது. ஆனாலும் தன் கண்களைத் தன் கையாலேயே குத்திக்கொண்டான். பார்ப்பவன் விதி என்று சொல்லலாம். செய்தவன் சொல்லக் கூடாது. இந்த வேறுபாட்டில்தான் துன்பியல் நாடகத்தின் பெருமையே இருக்கிறது.

சமணத்தில் வினை என்பது கடவுள் கொடுக்கும் தண்டனை அன்று. தண்டிக்க ஒரு கடவுளை நாங்கள் ஒப்புவதில்லை. உயிர் தானே கட்டிக்கொள்வது வினை. கட்டுவிக்கும் பசை கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்கள். யசோதர காவியத்தில் மன்னன் உயிருள்ள கோழியைக் கூடக் கொல்லவில்லை. தீக்கனாவுக்குப் பரிகாரமாகத் தாய் சொன்னபடி மாவினால் செய்த கோழியைத்தான் பலியிட்டான். அந்த ஒரு நினைவு தாயையும் மகனையும் பிறவி பிறவியாக மயிலாகவும் நாயாகவும் அலைக்கழிக்கிறது. சிறு பிசகு, பெரு வீழ்ச்சி. அரிஸ்டாட்டில் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கவுந்தியடிகள். வினையின் இயல்பை அந்தக் காப்பியத்தில் அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? மதுரையில் நடந்ததைக் கேட்டு அவர் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். உண்ணாநோன்பு முதுமை, தீராப் பிணி, பஞ்சம் போன்ற நிலைகளில் அமைதியான மனத்தோடு ஏற்பது, துயரத்தால் மேற்கொள்வதன்று. எங்கள் நூல்கள் அப்படித்தான் கூறும். இளங்கோவடிகளுக்கு இது தெரியாதா? தெரிந்தும் அவ்வாறு அமைத்தார் என்றால், கொள்கை அறிந்த துறவியின் நெஞ்சையும் அந்தப் பழி உலுக்கியது என்று காட்டவே என்று நினைக்கிறேன். வினை தெரியும், ஆனாலும் அவலம் அவலம்தான். கீத்துக்கு இதுவே பதில்.

ஷேக்ஸ்பியர் வந்த வழி

19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் படிப்போடு ஷேக்ஸ்பியர் வந்தார். புனேயில் கோபாள் கணேஷ் ஆகர்கர் ஹாம்லெட்டை 'விகாரவிலசித' என்ற பெயரில் மராட்டியில் 1883-இல் தந்தார். பெர்கூசன் கல்லூரியை நிறுவியோருள் ஒருவரான அதே ஆகர்கர்தான். ஒத்தெல்லோவை கோவிந்த பல்லாள் தேவல் 'ஜுஞ்ஜார்ராவ்' ஆக்கினார். சென்னையில் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்றும் மாக்பெத்தை 'மகபதி' என்றும் தமிழுடை உடுத்தி மேடையேற்றினார். பரிதிமாற் கலைஞர் 1897-இல் 'நாடகவியல்' எழுதி இலக்கணமும் வகுத்தார். பின்னாளில் இலங்கையில், 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'இராவணேசன்' என்ற கூத்தில் இராவணனைத் துன்பியல் தலைவனாகவே நிறுத்தினார். இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை'யில் நந்தனைச் சோதியில் கலக்க விடவில்லை. சூழ்ச்சிக்கு ஆளாகி நெருப்பில் மாள விட்டார்.

ஷேக்ஸ்பியரின் நான்கு பெருந்துன்பியல்களை நான் படிக்கும்போதெல்லாம் மேற்சொன்ன கஷாயங்கள் நினைவுக்கு வரும். ஒத்தெல்லோவை வீழ்த்தியது கோபம், அவனை மூட்டிவிட்ட இயாகோவிடம் மாயை, லியருக்கு மானம், மாக்பெத்துக்கு லோபம். ஹாம்லெட் மட்டும் இந்தக் கணக்கில் அகப்படாமல் நழுவுகிறான். அதனால்தானோ என்னவோ அவனைப் பற்றி இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

புனேயின் அரங்கில்

நாம் வாழும் இந்த நகரம் நாடகத்தின் தலைநகரங்களில் ஒன்று. ஜங்கலி மகாராஜ் சாலையில் 1968-இல் திறக்கப்பட்ட பாலகந்தர்வ ரங்கமந்திர், சதாசிவ் பேட்டையில் பரத நாட்டிய மந்திர், திலக் ஸ்மாரக் மந்திர். இத்தனை ஆண்டு இங்கே இருந்தும் உள்ளே போகாதவர்கள் நம்மில் உண்டு. பாஷை புரியாது என்பது ஒரு சாக்கு. காய்கறிக்காரியோடு பேரம் பேசும் மராட்டி போதும். மீதியை நடிகர் முகம் சொல்லிவிடும்.

மராட்டியில் மக்கள் மனத்தில் நின்ற சோகாந்திகா, ராம் கணேஷ் கட்கரியின் 'ஏகச் ப்யாலா'. ஒரே ஒரு கோப்பை என்று பொருள். கட்கரி 1919 ஜனவரியில் முப்பத்து மூன்று வயதில் இறந்தார். அடுத்த மாதமே கந்தர்வ நாடக மண்டலி அதை மேடையேற்றியது. சுதாகர் கெட்டிக்கார வக்கீல். கோர்ட்டில் பட்ட அவமானத்தை மறக்க ஒரே ஒரு கோப்பை குடிக்கிறான். அதிலிருந்து சரிவு. வேலை போகிறது, வீடு போகிறது. போதையில் பச்சைக் குழந்தை அவன் கையாலேயே சாகிறது. அடிபட்ட மனைவி சிந்து, சாகும் தறுவாயிலும் கணவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. கடைசிக் கோப்பையில் அவன் விஷம் கலந்து குடிக்கிறான். சிந்துவாக நடித்தவர் பாலகந்தர்வர். குடியால் அழிந்த குடும்பம் இல்லாத தெரு நம் நாட்டில் உண்டா? நூறு ஆண்டு கழிந்தும் கதை பழசாகவில்லை.

கட்கரி சம்பாஜி மகாராஜரைப் பற்றி எழுதி முற்றுப்பெறாமல் விட்ட நாடகம் 'ராஜசந்யாஸ்'. அதில் மகாராஜர் காட்டப்பட்ட விதத்தை எதிர்த்துச் சிலர் 2017 ஜனவரியில், சம்பாஜி பூங்காவிலிருந்த கட்கரியின் சிலையைப் பெயர்த்து முட்டா ஆற்றில் எறிந்தார்கள். வீரனுக்குள் பலவீனத்தைத் தேடுவது துன்பியல் ஆசிரியனின் தொழில். அதற்கு அவன் செத்த பிறகும் விலை கொடுக்க நேர்கிறது.

அடுத்தது 'நடசம்ராட்'. குசுமாக்ரஜ் என்னும் வி.வா. சிர்வாட்கர் எழுதி, 1970 டிசம்பரில் அரங்கேறியது. லியர் மன்னனின் சாயல் கொண்டது. மருத்துவராக இருந்து நடிப்புக்கு வந்த டாக்டர் ஸ்ரீராம் லாகு கணபதராவ் பேல்வல்கராக நடித்தார். ஓய்வு பெற்ற பெரிய நடிகர், வீடு வாசல் பணம் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார். மகன் வீட்டில் மரியாதை குறைகிறது. மகள் வீட்டுக்குப் போனால், பணத்தைக் காணோம் என்று அப்பன் மேலேயே சந்தேகம். அந்தக் கட்டத்தில் அரங்கில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த சக வியாபாரி, வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மராட்டியர், நான் தமிழன். ஆனால் சொத்தை எழுதி வைக்கலாமா வேண்டாமா என்ற கேள்வி இருவர் வீட்டிலும் ஒன்றுதான்.

மூன்றாவது விஜய் தெண்டுல்கரின் 'காசிராம் கோத்வால்', 1972 டிசம்பர் 16 அன்று இதே புனேயில் அரங்கேறியது. கன்னோஜிலிருந்து பிழைக்க வந்த காசிராம் மேல் திருட்டுப் பட்டம் கட்டி, அடித்து விரட்டுகிறார்கள். அவன் வஞ்சம் வைத்து, பெற்ற பெண்ணையே நானா பட்னவிசுக்குக் கொடுத்து நகரக் காவல் தலைவன் பதவி வாங்குகிறான். பெண் இறக்கிறாள். அவன் கொடுமை எல்லை மீறுகிறது. தெற்கிலிருந்து வந்த பிராமணர்கள் பழம் பறித்தார்கள் என்று சிறை வைக்க, மூச்சுத் திணறிப் பலர் சாகிறார்கள். ஊர் கொதித்தெழுந்து அவனைக் கொல்கிறது. அவனைப் பதவியில் வைத்த நானாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது வரலாறு அன்று, வரலாற்றை வைத்துச் செய்த நாடகம் என்று தெண்டுல்கரே சொன்னார். ஆனாலும் எதிர்ப்பு பலமாக எழுந்தது.

இப்போது மூன்று பேரை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். கோவலன், கணபதராவ், காசிராம். மூவர் மீதும் விழுந்தது திருட்டுப் பழி. கோவலன் பேச வாய்ப்பின்றி மாண்டான். கணபதராவ் கைப்பெட்டியும் மனைவியுமாக வீட்டை விட்டு வெளியேறினார். காசிராம் மட்டும் தான் பட்டதைப் பிறருக்குத் திருப்பித் தந்தான். தானும் அடிபட்டவன் என்பதை மறந்து, தன்னைப் போலவே வெளியூரிலிருந்து வந்தவர்களை அடைத்து வைத்தான். முதல் இருவருக்காக அழுகிறோம். மூன்றாமவனைப் பார்த்துப் பயப்படுகிறோம். இரக்கமும் அச்சமும் என்று அரிஸ்டாட்டில் சொன்னது இதுதான்.

சாதாரண மனிதனின் அவலம்

பழைய நாடகங்களில் வீழ்ந்தவர்கள் மன்னர்கள். நோர்வே நாட்டு இப்சன் 1881-இல் 'ஆவிகள்' எழுதி, நடுத்தரக் குடும்பத்தின் கூடத்துக்குத் துன்பியலைக் கொண்டுவந்தார். 1949-இல் நியூயார்க்கில் அரங்கேறிய ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' அதைத் தெருமுனை வரை கொண்டுவந்தது. சாமானியனும் துன்பியல் தலைவன் ஆகலாம் என்று மில்லர் அதே ஆண்டில் கட்டுரையும் எழுதினார். வில்லி லோமன் ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்கிறவன். வயதாகிவிட்டது, கம்பெனி அவனைக் கைகழுவுகிறது. தன்னை எல்லாருக்கும் பிடிக்கும் என்ற நினைப்பிலேயே வாழ்ந்தவன், செத்தாலாவது குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் பணம் வரும் என்று காரோடு போய்ச் சாகிறான். இழவு வீட்டுக்கு அவன் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை.

கோவலனும் வில்லியும் ஒரே தொழில்காரர்கள். ஒருவன் தன் பேரை யாரும் அறியாத ஊரில் மாண்டான். மற்றவன் தன் பேர் எங்கும் தெரியும் என்று நம்பி ஏமாந்தான். வியாபாரியின் முதல் என்பது பெட்டியில் இருக்கும் பணம் அன்று, பிறர் அவன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையே என்று என் தகப்பனார் சொல்வார். அது போனால் எல்லாம் போயிற்று.

ஏன் பார்க்க வேண்டும்?

முதலில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். எங்கள் சமயத்தில் பன்னிரண்டு அனுப்பிரேட்சை என்று ஒரு பயிற்சி உண்டு. திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டியவை. முதலாவது அநித்தியம்: எதுவும் நிலையில்லை. இரண்டாவது அசரணம்: ஆபத்து வரும்போது அரண் என்று எதுவும் இல்லை. தனியே கண்ணை மூடி உட்கார்ந்து இதை நினைப்பது என்னைப் போன்ற சம்சாரிக்கு எளிதன்று. இரண்டு நிமிஷத்தில் மனம் கல்லாப் பெட்டிக்குப் போய்விடும். ஆனால் மேடையில் ஒருவன் அரணின்றி நிற்கும்போது, முந்நூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே நினைக்கிறோம். துன்பியல் நாடகம் ஊர் கூடிச் செய்யும் அசரண பாவனை என்பது என் கருத்து. அழுது முடித்து வெளியே வரும்போது மனம் கனப்பதில்லை, இளகியிருக்கிறது. மறுநாள் காலையில் கடைப் பையன் ஒரு தட்டைக் கீழே போட்டு நசுக்கினால், முன்பு போல் கை ஓங்கத் தோன்றுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. கோவலனுக்கு மதுரையில் இல்லாதது எது? 'இவர் இன்னார் மகன், எனக்குத் தெரியும்' என்று சொல்ல ஒரு வாய். அந்த ஒரு வாய் இருந்திருந்தால் மதுரை எரிந்திருக்காது. வெளியூரில் நாம் சங்கம் வைத்துப் பொங்கல் கொண்டாடுவதும், மலர் வெளியிடுவதும் வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாக இரயிலிறங்கி வரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு, 'இவரை எனக்குத் தெரியும்' என்று சொல்ல ஆள் இருப்பதே சங்கத்தின் முதல் தொண்டு. தமிழனுக்கு மட்டும் என்றில்லை. பீகாரிலிருந்து வருபவனுக்கும் அதையே செய்தால், காசிராம்கள் உருவாக மாட்டார்கள்.

நம் ஆண்டு விழாவில் சிரிப்பு நாடகம் ஒன்று தவறாமல் நடக்கிறது, நடக்கட்டும், வேண்டியதுதான். அதோடு ஓர் ஆண்டாவது, நம் இளைஞர்கள் சிலம்பின் வழக்குரை காதையை எடுத்து, பாதி தமிழிலும் பாதி மராட்டியிலுமாக மேடையேற்றினால் என்ன? கண்ணகியின் வழக்கு இந்த ஊராருக்கும் புரியும். கண்ணீருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.